அடுத்து எங்கே உட்காரலாம்? பதினோரு வருடம் நகரங்களில் வாழ்ந்து பார்த்த அனுபவம்

ஒரு நகரத்தை மூன்று நாள் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதுவதும், அங்கேயே வீடு எடுத்து, மின்கட்டணம் கட்டி, பல்வலிக்கு மருத்துவரைத் தேடி அலைந்த பிறகு எழுதுவதும் ஒன்றல்ல. இது இரண்டாம் வகை. மென்பொருள் வேலைக்காகப் பதினோரு வருடங்களில் கோபன்ஹேகனில் ஒரு வருடம், வியன்னாவில் இரண்டரை வருடம், டோக்கியோவில் பதினான்கு மாதம், இஸ்தான்புல்லில் எட்டு மாதம், பார்சிலோனாவில் ஐந்து மாதம் இருந்திருக்கிறேன். ரோமுக்கும் பாரிஸுக்கும் விடுமுறைக்குப் போனதோடு சரி, அதனால் அவற்றைப் பற்றி அளவாகத்தான் சொல்வேன்.

முதல் சில வருடங்கள் எல்லோரையும் போல நானும் கோபுரம், அருங்காட்சியகம், மலைமேல் இருந்து தெரியும் காட்சி என்றுதான் நகரங்களை எடைபோட்டேன். வியன்னாவில் அம்மா என்னோடு ஆறு மாதம் வந்து தங்கிய பிறகு அது மாறிவிட்டது. அம்மாவுக்கு அப்போது எழுபத்தொரு வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். இருநூறு, இருநூற்றைம்பது அடி நடந்தால் உட்கார்ந்தே ஆக வேண்டும். வந்த முதல் வாரம், வீட்டை விட்டு இறங்கியதுமே கேட்டார்: "அடுத்து எங்க உட்காரலாம்மா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தத் தெருவில் ஒரு வருடத்துக்கு மேல் குடியிருந்தவள் நான். எந்தக் கட்டடம் எந்த நூற்றாண்டு என்று சொல்லத் தெரியும், பெஞ்சு எங்கே இருக்கிறது என்று தெரியாது. அன்றிலிருந்து இன்றுவரை, புதிதாக எந்த ஊருக்குப் போனாலும் நான் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி அம்மாவுடையதுதான்.

வியன்னாவிலிருந்தே தொடங்குகிறேன், எனக்கு மிகவும் பிடித்த நகரம் அதுதான். தேடிப் பார்க்கத் தொடங்கியபோதுதான் அங்கே எவ்வளவு பெஞ்சுகள் என்று புரிந்தது. டிராம் நிறுத்தத்தில், மர வரிசையின் அடியில், தேவாலயத்தின் பக்கச் சுவரோரம், குழந்தைகள் விளையாடும் இடத்தைச் சுற்றி, எங்கும் இருந்தன. பழைய அரண்மனைக் குதிரை லாயங்களை மாற்றி 2001இல் திறந்த அருங்காட்சியக வளாகம் ஒன்று நகர நடுவில் இருக்கிறது. அதன் முற்றத்தில் பெரிய பெரிய திண்ணை போன்ற இருக்கைகளைப் போட்டிருக்கிறார்கள். படுக்கலாம், சாயலாம், நான்கு பேர் சேர்ந்து உட்காரலாம். அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் வாங்கினாயா என்று யாரும் கேட்பதில்லை. அம்மாவும் நானும் பல மாலைகளில் அந்த முற்றத்துக்கு மட்டும் போய் வந்திருக்கிறோம்.

டிராம்களைச் சொல்ல வேண்டும். தாழ்தளப் பெட்டிகளில் வாசல் தரையிலிருந்து இருபது சென்டிமீட்டருக்கும் குறைவான உயரம்தான். நிறுத்தத்தில் மேடை சரியாக அமைந்திருந்தால் அந்தப் படியும் இருக்காது. அம்மா முதல் முறை ஏறும்போது கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, காலை உயரத் தூக்கத் தயாராக நின்றார். தூக்கவே வேண்டியிருக்கவில்லை. நேராக நடந்து உள்ளே போனார். போய் உட்கார்ந்த பிறகும் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதத்திலிருந்து என்னை எதிர்பார்க்காமல் தனியாகவே டிராமில் போய்வர ஆரம்பித்தார். ஒரு நகரம் ஒரு வயதான பெண்ணுக்குச் செய்யக்கூடிய ஆகப் பெரிய மரியாதை இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம் தண்ணீர். குழாயில் வருவது ஆல்ப்ஸ் மலை ஊற்று நீர். முதல் குழாய்த்தடம் 1873இல் திறக்கப்பட்டது, இரண்டாவது 1910இல். இரண்டாவது தடத்தின் நீளம் ஏறக்குறைய 180 கிலோமீட்டர். மலையிலிருந்து நகரம் வரை பம்பு போட்டு இழுப்பதில்லை, சரிவிலேயே தண்ணீர் இறங்கி வருகிறது. வந்து சேர ஒன்றரை நாள் ஆகும். இதை அம்மாவிடம் சொன்னபோது கையில் இருந்த டம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருக்கு பாரு" என்றார். கோடையில் தெருக்களிலும் பூங்காக்களிலும் இருக்கும் குடிநீர்க் குழாய்களில் இதே தண்ணீர்தான்.

வெள்ளத் தடுப்புக்காக டான்யூப் ஆற்றுக்கு இணையாக ஒரு புதிய கால்வாய் வெட்டி, அந்த மண்ணைக் கொட்டி 21 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தீவையே உருவாக்கியிருக்கிறார்கள். 1972இல் தொடங்கிய வேலை 1988இல் முடிந்தது. அந்த நிலத்தை விற்றுக் கட்டடம் எழுப்பாமல், நடக்கவும் நீந்தவும் சைக்கிள் ஓட்டவும் விட்டுவிட்டார்கள். சுரங்க ரயில் அந்தத் தீவிலேயே நிற்கிறது. வேலை முடிந்து இருபது நிமிடத்தில் தண்ணீரில் கால் நனைக்கலாம். வியன்னாவில் இருந்த மூன்று கோடைகளிலும் நான் இதைத்தான் செய்தேன்.

குறைகளும் உண்டு. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வானம் சாம்பல் நிறத்திலேயே கிடக்கும், மனம் சோர்ந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதை மறந்துவிட்டால் திண்டாட்டம்தான். வீட்டைக் காலி செய்தபோது முன்பணத்தைத் திரும்ப வாங்க நான்கு மாதம் அலைந்தேன். ஜெர்மன் தெரியாமல் அலுவலகங்களுக்குப் போவது கடினம். நீண்ட நாள் தங்கப் போகிறவர்கள் முதல் மாதமே மொழி வகுப்பில் சேர்ந்துவிடுங்கள்.

வியன்னாவிலிருந்து டோக்கியோவுக்குப் போனேன். அம்மாவின் கேள்வியை மட்டும் வைத்துப் பார்த்தால் டோக்கியோ தோற்றுவிடும். தெருக்களில் பெஞ்சுகள் குறைவு. குப்பைத் தொட்டிகளும் குறைவு. 1995இல் சுரங்க ரயிலில் நடந்த விஷவாயுத் தாக்குதலுக்குப் பிறகு பொது இடங்களில் பல தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். ஷின்ஜுகு போன்ற நிலையத்தில் இருநூறுக்கும் மேல் வெளிவாசல்கள். தவறான வாசலில் ஏறிவிட்டால் கால் மணி நேரம் போய்விடும், மின்தூக்கி இருக்கும் வாசல் எது என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் டோக்கியோ எனக்கு வியன்னாவுக்கு அடுத்தபடியாகப் பிடித்த ஊர். காரணம், பெரிய சாலைகளுக்குப் பின்னால் இருக்கும் சந்துகள். நான் குடியிருந்த சந்தில் நடைபாதை என்று தனியாக எதுவும் கிடையாது. இரண்டு சைக்கிள்கள் எதிரெதிரே போனால் சற்று ஒதுங்க வேண்டிய அகலம்தான். ஆனால் தெருவில் ஒரு கார்கூட நிற்காது. அங்கே கார் வாங்க வேண்டுமானால், அதை நிறுத்தத் தெருவுக்கு வெளியே சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் இருக்கிறது என்று சான்று காட்ட வேண்டும். 1962இல் வந்த சட்டம் அது. இந்த ஒரு விதி ஒரு மாநகரத்தின் முகத்தையே மாற்றியிருக்கிறது என்பதை அங்கே வாழ்ந்து பார்த்தால்தான் உணர முடியும். கார் நிற்காத இடத்தில் வேறு என்ன வருகிறது தெரியுமா? பூந்தொட்டிகள். என் எதிர் வீட்டுப் பாட்டி சுவரோரம் முப்பதுக்கும் மேல் தொட்டிகள் வைத்திருந்தார். கற்றாழை, செம்பருத்தி, நூல் கட்டி ஏற்றிவிட்ட காலைமலர்க் கொடி, விரிசல் விட்டுக் கம்பியால் சுற்றிய ஒரு பழைய மண்சட்டியில் ஏதோ ஒரு சின்னப் பெரணி. தினமும் காலை ஆறரைக்குப் பூவாளியோடு வருவார். நான் அந்த நேரத்தில் நடக்கப் போவேன். பதினான்கு மாதமும் ஒருவருக்கொருவர் தலைகுனிந்து வணங்கிக்கொண்டதுதான் எங்கள் பழக்கம்.

ரயில் நிலையத்திலும் நடைபாதையிலும் பார்வையற்றவர்களுக்காகப் பதித்திருக்கும் மஞ்சள் நிறப் புடைப்புக் கற்கள் ஜப்பானில் பிறந்தவை. செய்இச்சி மியாகே என்பவர் உருவாக்கி, 1967இல் ஒகயாமா நகரில் முதலில் பதித்தார்கள். இன்று உலகம் முழுக்க இருக்கின்றன. பல ஊர்களில் அந்த வரி ஒரு கம்பத்தில் முட்டிப் பாதியில் நின்றுவிடும். டோக்கியோவில் நான் போன வழிகளில் அது வாசலிலிருந்து ரயில் கதவு வரை அறுபடாமல் போனது. மாலை ஐந்து மணிக்குத் தெரு ஒலிபெருக்கிகளில் ஒரு மெட்டு ஒலிக்கும். பேரிடர் எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று தினமும் பார்க்கும் சோதனை அது. பிள்ளைகளுக்கு அதுவே வீடு திரும்பும் மணி. ஐந்தே கால் மணிக்கு என் சந்து வழியாக ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் பெரியவர் துணை இல்லாமல் போவதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் நிறைந்துபோகும்.

கோபன்ஹேகனைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதனால் சுருக்கமாக. நகர நடுவில் இருக்கும் ஸ்ட்ரோகெட் என்ற கடைவீதியை 1962இல் வண்டிகளுக்கு மூடினார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் பயந்தார்கள், அப்படி ஆகவில்லை. சைக்கிள் தடம் சாலையை விடச் சற்று உயரத்திலும், நடைபாதையை விடச் சற்றுத் தாழ்ந்தும் தனியாக இருக்கிறது. சில சிக்னல்களில் சைக்கிளில் இருந்து இறங்காமல் கால் ஊன்றிக்கொள்ள ஒரு கம்பி வைத்திருக்கிறார்கள். அதில் கால் வைத்த முதல் நாள், என்னை யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று தோன்றியது. ஆனால் டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அந்த இருட்டு எல்லோருக்கும் ஒத்துவராது. எனக்கு ஒத்துவரவில்லை.

பார்சிலோனாவில் 1859ஆம் ஆண்டுத் திட்டப்படி கட்டிய பகுதி முழுக்கச் சதுரச் சதுரமான மனைத்தொகுதிகள், ஒவ்வொன்றும் 113 மீட்டர் பக்கம். மூலைகளை வெட்டிவிட்டிருப்பதால் ஒவ்வொரு சந்திப்பும் ஒரு சின்ன மைதானம் போல விரிகிறது. 2016 முதல் சில இடங்களில் ஒன்பது தொகுதிகளைச் சேர்த்து, உள்ளே குறுக்குப் போக்குவரத்தை நிறுத்தி, அந்தச் சந்திப்புகளில் மரமும் மேசையும் பெஞ்சும் வைக்க ஆரம்பித்தார்கள். அப்படி ஒரு சந்திப்பில் தரையில் இன்னும் பழைய சாலைக்கோடு அழியாமல் தெரிந்தது, அதன் மேலே இரண்டு பெரியவர்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் நகரின் மையத்தில் சுற்றுலாக் கூட்டம் தாங்காது, வீடு கிடைப்பது பெரும்பாடு. ஐந்து மாதத்தில் மூன்று முறை வீடு மாறினேன்.

ரோமில் ஒரே ஒரு பொருளைச் சொல்கிறேன். தெருவோரம் வார்ப்பிரும்பில் செய்த, இடுப்புக்குச் சற்று மேல் உயரமுள்ள தண்ணீர்க் கம்பங்கள் இருக்கும். வளைந்த குழாய் மூக்கு போல இருப்பதால் ‘பெரிய மூக்கு’ என்ற பொருளில் நசோனே என்கிறார்கள். 1874இல் வைக்கத் தொடங்கியவை, ஊர் முழுக்க ஏறத்தாழ 2500 இருக்கின்றன. தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். குனிந்து கையேந்திக் குடித்துக்கொண்டிருந்த என்னை ஒரு பெண் தட்டிக் கூப்பிட்டு, குழாயின் வாயை விரலால் அடைத்துக் காட்டினார். குழாயின் மேல்பக்கம் ஒரு சின்னத் துளை இருக்கிறது, அதன் வழியே தண்ணீர் வளைந்து மேலே பீய்ச்சியது. குனியவே வேண்டாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு இதை விட நல்ல ஏற்பாடு கிடையாது.

பாரிஸில் லக்ஸம்பர்க் தோட்டத்தின் பச்சை நாற்காலிகள். அவற்றைத் தரையோடு பூட்டி வைக்கவில்லை. வெயில் வேண்டுமா, நிழல் வேண்டுமா, தனியாகவா, கூட்டமாகவா, நாமே இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். வில்லியம் வைட் என்ற ஆய்வாளர் நியூயார்க்கின் பொது இடங்களைப் படம்பிடித்து ஆராய்ந்தபோது ஒன்றைக் கவனித்தார். நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால், உட்காரும் முன் அதைக் கொஞ்சமாவது நகர்த்திவிட்டுத்தான் மனிதர்கள் உட்கார்கிறார்கள். பாரிஸில் நானும் அரை மணி நேரம் கவனித்தேன். உண்மைதான்.

கடைசியாக இஸ்தான்புல். நடைபாதை பல இடங்களில் உடைந்திருக்கும், ஏற்றமும் இறக்கமும் முழங்காலை உலுக்கிவிடும். முதல் வாரமே கால் சுளுக்கிக்கொண்டது. லண்டனுக்கு அடுத்தபடி உலகின் இரண்டாவது பழைய சுரங்க ரயில் பாதை அங்கேதான் இருக்கிறது. 1875இல் திறந்தது. ஒரு மலைச்சரிவை ஏறிக் கடப்பது மட்டும்தான் அதன் வேலை. அந்த ஏற்றத்தை ஒருமுறை நடந்து ஏறிப் பார்த்தால், ஏன் கட்டினார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இவ்வளவும் இருந்தும் எட்டு மாதமும் நான் அங்கே சந்தோஷமாக இருந்ததற்குக் காரணம் படகுகள். ஆசியக் கரையில் இருக்கும் கதிகோய் துறையிலிருந்து ஐரோப்பியக் கரைக்கு இருபது நிமிடப் பயணம். தினமும் வேலைக்கு அதில்தான் போனேன். உள்ளேயும் வெளியேயும் நீள நீளமான பெஞ்சுகள். கடல்காற்று, கூடவே பறந்து வரும் கடற்காகங்கள், பக்கத்தில் பையை மடியில் வைத்துக் கண்ணயரும் அலுவலகப் பெண். கண்டம் விட்டுக் கண்டம் போகிறோம் என்ற நினைப்பு இரண்டாம் வாரமே மறந்துபோய், இருபது நிமிடம் சும்மா உட்காரக் கிடைத்ததே என்ற நிம்மதிதான் மிஞ்சியது. அம்மா பத்து நாள் வந்திருந்தபோது ஒரு நாள் முழுக்கப் படகிலேயே கழித்தோம். போகும் கரை எது, வரும் கரை எது என்று அவர் கேட்கவே இல்லை.

அடுத்த மாதம் லிஸ்பனுக்கு மாறுகிறேன். அங்கேயும் ஏற்றம் அதிகம் என்று தெரியும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் தன்னார்வலர்கள் பெஞ்சுகளைக்கூடக் குறித்து வைக்கிறார்கள், இது பலருக்குத் தெரிவதில்லை. வியன்னாவில் எங்கள் தெருவைச் சுற்றி விடுபட்டிருந்தவற்றை நானும் சேர்த்தேன். போன வாரம் லிஸ்பனில் பார்த்து வைத்திருக்கும் வீட்டிலிருந்து டிராம் நிறுத்தம் வரை எண்ணினேன். நான்கு பெஞ்சுகள். வரைபடத்தைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் ஃபோன் வந்தது. "நாலும் சரிம்மா. நிழல் இருக்கான்னு பார்த்தியா?"