காளான் தீவா, பியானோ வீடா?

ஜப்பானின் தோஹோ நிறுவனம் எடுத்த இரண்டு பழைய பேய்ப்படங்களைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. ஒன்று இஷிரோ ஹோண்டாவின் 'மாத்தாங்கோ' (1963). இன்னொன்று நொபுஹிகோ ஒபயாஷியின் 'ஹவுஸ்' (1977). இரண்டிலும் மாட்டிக்கொள்வது ஏழு பேர்தான்.

'ஹவுஸ்' படத்தில் பியானோ ஒரு பெண்ணின் விரல்களைக் கடித்துத் தின்கிறது. கிணற்றிலிருந்து தர்பூசணியை இழுத்தால் தோழியின் தலை வருகிறது. காட்சிகளை வெட்டி ஒட்டிய தந்திரவேலை அப்பட்டமாகத் தெரியும். விளம்பரப் படங்களில் ஊறிய ஒபயாஷி வேண்டுமென்றே அப்படிச் செய்தார். போருக்குப் போன காதலனுக்காகக் கடைசிவரை காத்திருந்த அத்தை ஒருத்தி இந்தக் கூத்துக்கு நடுவே இருப்பதை முதல் தடவை நானும் கவனிக்கவில்லை.

'மாத்தாங்கோ' கதை வேறு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'காளான் மனிதர்களின் தாக்குதல்' என்ற பெயரில் ஓடினால் யார்தான் மதிப்பார்கள்? ரப்பர் உடை உறுத்தும், சரி. ஆனால் காளானாக மாறிய மனிதர்கள் முழுதாக வருவதற்கு முன்பே பயம் வந்துவிடுகிறது. தீவில் கரை ஒதுங்கியவர்கள் பூஞ்சை படர்ந்த கப்பலுக்குள் நுழைகிறார்கள். எங்கேயும் ஒரு கண்ணாடிகூட இல்லை. தன் முகத்தைப் பார்க்க யாரோ விரும்பவில்லை! அது அணுக்கதிர் விளைவுகளை ஆராய்ந்த கப்பல் என்பது அப்புறம் தெரிகிறது. பசி முற்றியதும் சாப்பாட்டுக்காக நடக்கும் சண்டையில் மனிதர்களே அசிங்கமாகிவிடுகிறார்கள்.

நண்பர்களோடு சேர்ந்து பார்க்க 'ஹவுஸ்'. தனியாக, விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க 'மாத்தாங்கோ'. எனக்கு 'மாத்தாங்கோ'தான் உசத்தி.