காரைக்குடிக்குத் தனியாகச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

செட்டிநாட்டின் தலைநகர் என்று சொல்வார்களே, அந்தக் காரைக்குடிக்குப் போன மாதம் தனியாகப் போயிருந்தேன். செட்டியார்கள் கட்டிய அந்தப் பெரிய வீடுகளைப் பார்க்க வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. லாட்ஜுக்கு முன்பே கட்டியது போக, இரண்டு நாளைக்குக் கையில் இருந்தது 3,500 ரூபாய். அதில் 2,700 ரூபாயை முதல் நாளே ஓர் ஆட்டோக்காரரிடமும் அவர் கூட்டிப்போன கடையிலும் பறிகொடுத்தேன். என்னைப் போலக் குறைந்த பணத்தோடு கிளம்புகிறவர்கள், முக்கியமாகத் தனியாக வரும் பெண்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பேருந்து நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே பிடித்துக்கொண்டார். "கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி எல்லாம் காட்டுறேன். அரண்மனைக்கு உள்ளயே கூட்டிட்டுப் போறேன். 1,800 குடு, போதும்." பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் அண்ணே என்றேன். "அங்கிட்டெல்லாம் பஸ்ஸே கிடையாது தங்கச்சி. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. தனியா வந்த புள்ள, நடு ரோட்டுல நிக்கப் போறியா?" அந்தக் கடைசிக் கேள்வியில் பயந்துபோய் ஏறிவிட்டேன். தனியாக வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் முதலில் தொடுவது அந்தப் பயத்தைத்தான்.

கானாடுகாத்தான் அரண்மனை வாசலில் கேட் பூட்டியிருந்தது. "இன்னைக்கு லீவு போல" என்றார். காவலுக்கு இருந்த பெரியவரிடம் நானே போய்க் கேட்டேன். அது குடும்பத்தாரின் சொந்த வீடு, வெளியாட்களை உள்ளே விடுவதில்லை என்றார். "தெனமும் யாரையாவது இப்படிக் கூட்டியாந்து நிறுத்திடுறாங்கம்மா" என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தத் தெருவில் நடந்தாவது பார்க்கலாம் என்றால் அதற்கும் நேரம் கொடுக்கவில்லை. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் வீடுகள் அவை. ஒரு வீட்டின் பக்கச் சுவரைக் கடக்கவே அத்தனை நேரம் ஆகும். பத்து நிமிடத்தில் ஹாரன் அடித்துக் கூப்பிட்டுவிட்டார்.

பிள்ளையார்பட்டிக்குப் போனது சரியாக மத்தியானம், நடை சாத்திய பிறகு. மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். வண்டி ஓட்டுகிறவருக்கு இது தெரியாமலா இருக்கும்? பாறையில் செதுக்கிய வலம்புரிப் பிள்ளையாரைப் பார்க்க வந்தவள், கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

அப்புறம் ஆத்தங்குடி, கையால் செய்யும் பூப் போட்ட தரைக் கல்லுக்குப் பேர்போன ஊர். ஆனால் ஊருக்குள் போகவே இல்லை. வழியில் ஒரு கடையில் நிறுத்தி, "கல்லு செய்யிற இடமே இதுதான்" என்றார். சிவப்பும் பச்சையுமாகப் பூப் போட்ட இரண்டு கல், 600 ரூபாய். அம்மாவுக்குக் கொடுக்க ஆசைப்பட்டு வாங்கினேன். இறங்கும்போது காத்திருந்ததற்கு என்று மேலும் 300 கேட்டார். இருட்டப் போகிறதே என்று கொடுத்துவிட்டேன்.

ராத்திரி செய்தித்தாளைப் பிரித்துக் கல்லைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வரிவரியாகக் கோடு, குளியலறைச் சுவரில் ஒட்டுவோமே, அதே மாதிரி. மறுநாள் அதை எடுத்துக்கொண்டு ஆத்தங்குடிக்கே போனேன். பட்டறையில் இருந்த அண்ணன் ஒருவர் கையில் வாங்கியதுமே சொன்னார்: "இது சூளையில வெந்ததும்மா. நாங்க கல்லை வேக வைக்கிறதே இல்லையே."

பக்கத்தில் உட்கார வைத்துச் செய்தும் காட்டினார். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் சிமெண்டில் கரைத்த நிறத்தைக் கரண்டியால் ஊற்றுகிறார். அச்சை மெல்லத் தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கின்றன. அதன் மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக் கலவையை அப்பித் தட்டிச் சமன் செய்கிறார். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுகிறார்கள். கண்ணாடியைப் பிரித்தால் அந்தப் பக்கம்தான் முகம், தொட்டால் வழுக்குகிறது. பின்பக்கம் சொரசொரவென்று வெறும் சிமெண்ட், தூக்கினால் நல்ல கனம். என் கல்லில் இது எதுவுமே இல்லை. வாங்குகிறவர்கள் முதலில் திருப்பிப் பாருங்கள்.

அன்று ஆத்தங்குடிக்கு நான் போனது பஸ்ஸில்தான். பேருந்து நிலையத்தில் டைம் கீப்பரிடம் கேட்டேன், நேரம் சொன்னார். அரசு டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட்டே இல்லை. கானாடுகாத்தானும் திருச்சி சாலையை ஒட்டித்தான் இருக்கிறது, புதுக்கோட்டைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி விலக்கில் இறங்கி நடந்துவிடலாம். ஆத்தங்குடியில் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிற பெரிய வீடும் உண்டு. அதைத்தான் அந்த ஆள் "பூட்டிக் கிடக்கு" என்று சொல்லியிருந்தார். தேக்குத் தூண்களுக்கு நடுவே வெறுங்காலோடு அந்தக் குளிர்ந்த தரையில் நின்றபோதுதான் நேற்று எதையெல்லாம் இழந்தேன் என்று புரிந்தது.

புகார் கொடுக்கக் காவல் நிலையத்துக்கும் போனேன். வண்டி எண் என்ன என்று கேட்டார்கள். நான் குறித்து வைக்கவில்லை, எடுத்த படங்களிலும் இல்லை. ஆட்டோவில் ஏறுவதற்கு முன்பே எண் பலகையைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அதுவும் ஓட்டுநர் பார்க்கும்படியே எடுங்கள்.