பக்கத்து ஹாலா, டவுன் ஹாலா, போன் திரையா: குடியை விட எங்கே போவது?

புரட்டாசி முழுக்கக் குடிக்காமல் இருக்கிற நம்ம டர்பன் ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும், பதினோரு வருடம் நானும் அதில் ஒருவன். ஒரு மாதம் கறி மீன் கிடையாது, கேன் (கரும்புச் சாராயம்) கிடையாது, "நினைத்தால் நிறுத்த முடிகிறதே" என்று அம்மா சொல்ல நானும் நம்பினேன், மாதம் முடிந்த மறுநாள் பாட்டில் ஸ்டோர் (மதுக்கடை) வரிசையில் நின்றேன். (1860இலிருந்து நம் முன்னோரைக் கரும்பு வெட்ட இங்கே கூட்டி வந்தார்கள். அதே கரும்பில் வடித்த கேனைக் குடித்து, நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பாதி விழுந்து கிடக்கிறது, என்ன சொல்ல.) விரதத்தைக் குறை சொல்லவில்லை. விரதத்துக்கு முடிகிற தேதி ஒன்று உண்டு, குடிநோய்க்கு அது இல்லை.

சரி, டர்பன் பக்கம் இருக்கிற நமக்கு வேறு என்ன வழி? நான் போய்ப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஏஏ, அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935இல் அமெரிக்காவில் குடிகாரர்கள் இரண்டு பேர் ஆரம்பித்தது, தென்னாப்பிரிக்காவுக்கு 1946லேயே வந்துவிட்டது. கட்டணம் இல்லை, பெயர்ப் பதிவு இல்லை, குடியை விடவேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும். பல இடங்களில் சர்ச் ஹாலில் நடப்பதால் "மதம் மாற்றிவிடுவார்களோ" என்று எங்கள் பாட்டி பயந்தார். ஹாலை வாடகைக்கு எடுக்கிறார்கள், அவ்வளவுதான், எந்த மதத்தோடும் ஏஏவுக்குச் சம்பந்தம் இல்லை. கடைசியில் எல்லாரும் எழுந்து பிரார்த்தனை சொல்லும்போது நான் முருகனை நினைத்துக்கொண்டு நிற்பேன், யாரும் கேட்டதில்லை.

எந்த ஹாலுக்குப் போவது என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறோம். பக்கத்தில் போனால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று நான் டவுன் பக்கம் ஒரு மீட்டிங்கைப் பிடித்தேன். நல்ல கூட்டம்தான், ஆனால் என்னிடம் கார் இல்லை, இரவு எட்டரைக்கு முடிந்தால் வீடு திரும்ப டாக்சி கிடைப்பது சந்தேகம், மழை பெய்தால் ஒரு சாக்கு, கால் வலித்தால் இன்னொரு சாக்கு, ஆறாவது வாரத்தில் நின்றேன். மறுபடி குடித்து விழுந்த பிறகு வேறு வழியில்லாமல் நடந்து போகிற தூரத்து ஹாலுக்குப் போனேன். யார் கண்ணில் படக் கூடாது என்று பயந்தேனோ அவரே, என் மனைவியின் பெரியப்பா, அங்கே கெட்டிலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "வாங்க மாப்பிள்ளை, சர்க்கரை எத்தனை கரண்டி?" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அவர் வெள்ளிக்கிழமை பஜனைக்குப் போகிறார் என்றுதான் நாலு வருடமாக வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தோம். (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.) அங்கே என்னைப் பார்க்கிறவரும் அதே காரணத்துக்கு வந்தவர்தானே, இது மண்டையில் ஏற எனக்கு இரண்டு வருடம் ஆனது.

அடுத்து கிளினிக் நடத்தும் குழு. சான்கா என்கிற குடி, போதை மீட்பு அமைப்பு 1956லிருந்து இந்த நாட்டில் இருக்கிறது, சமூகப் பணியாளர் உட்கார்ந்து பேசுவார், குடும்பத்தையும் கூப்பிடுவார். கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் டாக்டரைப் பார்க்காமல் எந்த மீட்டிங்கையும் நம்பித் திடீரென்று நிறுத்தக் கூடாது. எங்கள் தெரு அண்ணன் ஒருவர் காவடிக்காக ஒரே நாளில் நிறுத்தினார், மறுநாள் கை நடுங்கி வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். நிறுத்திய முதல் சில நாள் மிகவும் ஆபத்து, அதில் உயிரே போகலாம், அதற்கு மருந்து தருவது டாக்டர், ஏஏ அல்ல. அப்புறம் இரண்டில் ஒன்று என்று பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. 2020இல் மருத்துவ ஆய்வுகளை அலசிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சிகிச்சை தருகிறவர்களே முறையாக ஏஏவுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் ஒரு வருடம் கழித்துச் சுமார் 42 சதவீதம் பேர் குடிக்காமல் இருந்தார்கள், வேறு சிகிச்சை எடுத்தவர்களில் 35.

போன் மீட்டிங்? 2020 மார்ச் 27இல் கொரோனா ஊரடங்கில் பாட்டில் ஸ்டோர்களை மூடினார்கள், ஹால்களும் பூட்டு, நம்ம ஆட்களில் பாதிப் பேர் வீட்டிலேயே பியர் காய்ச்ச அன்னாசியை ஊறவைத்துக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் ஸூமுக்கு வந்தோம். சென்னைக்காரர்கள் நடத்தும் தமிழ் மீட்டிங் ஒன்று அப்போது கிடைத்தது. அங்கே மாலை ஏழு என்றால் நமக்கு மூன்றரை, வேலை இடத்தில் டீ நேரம். இங்கே ஹாலில் எல்லாம் ஆங்கிலம்தான், அதில் என் கதையைச் செய்தி வாசிக்கிற மாதிரி சொல்லிவிடுவேன். தமிழில் "அம்மாவின் தாலியை அடகு வைத்தேன்" என்று ஆரம்பித்ததும் தொண்டை அடைத்துவிட்டது. அதற்காகவே இன்றும் மாதம் ஒருமுறை போகிறேன். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். கேமராவை அணைத்துவிட்டுக் கையில் கிளாசோடு ஒரு மீட்டிங் முழுக்க நான் உட்கார்ந்திருக்கிறேன். ஹாலில் குடித்துவிட்டு வந்தாலும் துரத்தமாட்டார்கள், ஆனால் வாடை காட்டிக்கொடுத்துவிடும், முடிந்ததும் யாராவது ஒருவர் வீடுவரை கூட நடந்து வருவார்.

ஆக என் ஓட்டு பக்கத்து ஹாலுக்கு, கூடவே கிளினிக், தமிழுக்குப் போன். முதல்முறை போன் செய்யும்போது ஓபன் மீட்டிங்கா (யாரும் வரலாம்), க்ளோஸ்டா (குடியை விட நினைக்கிறவர் மட்டும்) என்று கேளுங்கள். மனைவியோ அக்காவோ கூட வருவதானால் ஓபனுக்குத்தான் போக முடியும், அவர்களுக்கென்றே 1951லிருந்து அல்-அனான் தனியாக இருக்கிறது. ஒன்றிரண்டு தடவையில் பிடிக்கவில்லை என்றால் வேறு கிழமை, வேறு ஹால் பாருங்கள். எனக்கு வெள்ளிக்கிழமைதான் ஒத்துவந்தது, சம்பளம் கைக்கு வருகிற நாள் அது.