திருகோணமலையில் பெரியம்மாவின் முழங்கால்: மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு முன் பார்த்ததும் கேட்டதும்

டென்மார்க்கிலும் கனடாவிலும் இருக்கும் உறவினர் எல்லோருமாகப் பணம் சேர்த்து, மூட்டுத் தேய்வால் வலிக்கும் பெரியம்மாவின் இரண்டு முழங்கால்களையும் கொழும்பில் செயற்கை மூட்டாக மாற்றிவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்த வேளையில்தான் நான் திருகோணமலைக்குப் போனேன். எழுபதைக் கடந்த அவர் இரத்த அழுத்தத்துக்கு நெடுங்காலமாக மாத்திரை எடுப்பவர். பிரட்றிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரையான ஏற்றத்தை நடந்தே ஏறி வந்தவர், இப்போது ஓட்டோ பிடித்துத்தான் போகிறார்.

முதலில், மாலை வேளையில் தனியார் மருத்துவ நிலையமொன்றில் சனல் பண்ணி, அதாவது பணம் கட்டி முன்பதிவு செய்து, ஒரு மருத்துவரைப் பார்த்தோம். அவர் எக்ஸ்றே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நன்றாகத் தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும் என்று சொல்லி முடித்துவிட்டார். எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, இரவில் வலியால் விழிப்பு வருகிறதா என்று கேட்கவுமில்லை. முழங்காலைத் தொட்டு மடக்கிப் பார்க்கவுமில்லை. இது எனக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தந்தது. ஏனெனில் படத்தில் தெரியும் தேய்வும் ஆள் உணரும் வலியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. கெல்கிரென், லோரன்ஸ் என்ற இருவர் 1957இல் வகுத்த 0 முதல் 4 வரையான படிநிலைகளைக் கொண்டே எக்ஸ்றேயில் தேய்வை இன்றும் அளக்கிறார்கள். ஆனால் அந்த அளவை மட்டும் வைத்து யாருக்கும் சத்திரசிகிச்சையை முடிவு செய்யக் கூடாது. 45 வயதைத் தாண்டியவருக்கு அசையும்போது மூட்டு வலி இருந்து, காலையில் எழும்பும்போது மூட்டில் வரும் இறுக்கமும் அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்காவிட்டால், படம் எடுக்காமலே மூட்டுத் தேய்வு நோயைத் தீர்மானிக்கலாம் என்று பிரித்தானியாவின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டல் கூறுகிறது.

அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் காலையிலேயே இலக்கம் எடுத்து நெடுநேரம் காத்திருந்தோம். கூட்டம் அதிகம், கதிரை குறைவு, முழங்கால் நோயாளர் பலர் நின்றபடியே இருந்தார்கள். ஆயினும் ஒரு சதமும் வாங்காமல், பெரியம்மாவின் கிளினிக் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்து, அழுத்த மாத்திரையோடு டைக்குளோபினாக் என்ற வலி வில்லையையும் அவர் கடையில் வாங்கிப் போட்டு வருவதைக் கேட்டறிந்து, அது சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் கேடு, வலிக்கு மேலே பூசும் ஜெல்லைப் பாவியுங்கள் என்று தடுத்தவர் அங்கிருந்த இளம் மருத்துவர்தான். அவரே எங்களை இயன்மருத்துவ (பிசியோதெரபி) பகுதிக்கும் அனுப்பினார்.

அங்கே நடந்ததை நான் அருகில் நின்று பார்த்தேன். இயன்மருத்துவர் ஒரு துவாயைச் சுருட்டிப் பெரியம்மாவின் முழங்காலுக்கடியில் வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தச் சொல்லி, தொடைத் தசை இறுகுகிறதா என்று தன் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு பிளாஸ்டிக் கதிரையொன்றில் இருத்தி, “அம்மா, கையை ஊன்றாமல் எழும்புங்கோ” என்றார். இரண்டு தடவை முடியவில்லை. கதிரையில் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டியதும் எழும்பிவிட்டார். “பிள்ளை, எனக்குக் கால்தான் பழுது எண்டு நினைச்சன், தொடையிலயும் பெலன் இல்லாமப் போச்சே” என்று பெரியம்மா சொன்னது உண்மையிலேயே நோயின் பாதி விளக்கம்.

நான் வாழும் டென்மார்க்கில் இதே பயிற்சியை 2013 முதல் கிளாட் என்ற பெயரில் நாடு முழுவதும் நடத்துகிறார்கள். நோயைப் பற்றிய விளக்க வகுப்பும், இயன்மருத்துவரின் மேற்பார்வையில் பன்னிரண்டு பயிற்சி அமர்வுகளும் அதில் அடங்கும். சத்திரசிகிச்சையை நேரடியாகச் சோதித்த முக்கியமான ஆய்வும் அந்நாட்டிலிருந்தே 2015இல் வெளிவந்தது. முழங்கால் மாற்றத்துக்குத் தகுதியான 100 பேரில் பாதிப்பேருக்கு மூட்டை மாற்றிப் பயிற்சியும் கொடுத்தார்கள். மற்றப் பாதிக்குப் பயிற்சி, உணவு ஆலோசனை, மருந்து முதலியவை மட்டும். ஓராண்டு முடிவில் மாற்றியவர்கள் தெளிவாகவே கூடுதல் முன்னேற்றம் கண்டார்கள்: வலியையும் அன்றாட இயக்கத்தையும் அளக்கும் 100 புள்ளி அளவுகோலில் ஏறத்தாழ 32 புள்ளி, மற்றவர்களுக்கு 16. ஆனால் பயிற்சிக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் அந்த ஆண்டில் கத்தி வைக்காமலே சமாளித்தார்கள், கடுமையான பக்க விளைவுகளும் அவர்களிடம் குறைவாகவே இருந்தன. ஆகவே சத்திரசிகிச்சை பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல சிகிச்சைதான், ஆனால் பயிற்சிக்குப் பிறகு வர வேண்டியது.

செயற்கை மூட்டின் ஆயுளைப் பற்றி உறவினர் பயப்படத் தேவையில்லை. முழு முழங்கால் மாற்றங்களில் சுமார் 82 சதவீதம் 25 ஆண்டுகள் நிலைப்பதாக 2019இல் லான்செட் என்ற மருத்துவ இதழ் வெளியிட்ட தொகுப்பாய்வு காட்டுகிறது. பயப்பட வேண்டியது வேறு இடத்தில். மாற்றியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீண்டகால வலி தொடர்கிறது, அல்லது முடிவில் திருப்தி இருப்பதில்லை. முழந்தாளிடுவதும் சப்பாணி கொட்டித் தரையில் இருப்பதும் பலருக்குக் கைகூடுவதில்லை. கோயில் மண்டபத்தில் தரையில் இருந்து தேவாரம் பாட வேண்டும் என்பதற்காகவே முழங்காலை மாற்ற விரும்பிய பெரியம்மாவுக்கு இதை முன்கூட்டியே யாரும் சொல்லாதது பெரும் அநியாயம்.

சேர்த்த பணத்தில் ஒரு பங்கைக் கொண்டு குளியலறையில் கொமேட்டும் கைபிடிக் கம்பியும் பொருத்தினோம். பக்கத்து வீட்டு அக்கா பின்னேரங்களில் பெரியம்மாவோடு சேர்ந்து பயிற்சி செய்கிறார். மூன்று மாதம் கழித்து இயன்மருத்துவர் மீண்டும் பார்ப்பார். அப்போதும் இரவில் தூக்கம் கெடுகிறது, வீட்டுக்குள் நடக்கவே முடியவில்லை என்றால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் மடக்கும் அளவு பெரும்பாலும் முதல் வாரங்களிலேயே மீட்கப்படுவதால், கொழும்பிலிருந்து திரும்பியபின் திருகோணமலையில் யார், எந்தெந்த நாளில் அந்தப் பயிற்சியைக் கொடுப்பார்கள் என்பது உறுதியாகும்வரை சத்திரசிகிச்சைக்குத் திகதி எடுப்பதில்லை என்று குடும்பத்தில் முடிவு செய்திருக்கிறோம்.