மயிலாப்பூர் பழைய வீட்டுக்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்: எங்கள் அனுபவம்

தாத்தா கட்டிய மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரங்கள் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்த கூரை) வீட்டின் மேல் ஒரு மாடி எழுப்பலாமா என்று கேட்கத்தான் இந்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை, அதாவது கட்டடத்தின் பலத்தைச் சோதித்துச் சொல்பவரை, அழைத்தோம். "தாராளமா எழுப்பலாம்" என்று ஒரு கான்ட்ராக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

இன்ஜினியர் முதலில் பார்த்தது தேக்கு உத்திரங்கள் சுவருக்குள் நுழையும் இடத்தை. ஈரம் தங்குவதும் கரையான் ஏறுவதும் அங்கேதான். கூடத்து உத்திரம் ஒன்றில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார், கைப்பிடி வரை இறங்கிவிட்டது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கிறது! உள்ளே உளுத்ததற்குக் காரணம், சுண்ணாம்புச் சுவர் மேல் பின்னாளில் பூசிய சிமென்ட். உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லை. அதை உரித்துவிட்டு மறுபடி சுண்ணாம்புக் காரையே பூசச் சொன்னார். கெட்டுப்போன உத்திரத்தை மாற்றும்வரை அடியில் முட்டுக் கொடுத்தாயிற்று.

மாடி வேண்டவே வேண்டாம் என்றார். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பில் சென்னை நிலநடுக்க மண்டலம் 3, அதாவது மிதமான ஆபத்துள்ள பகுதி. கம்பியில்லாத செங்கல் சுவர் பக்கவாட்டு அசைவுக்கு ரொம்பப் பலவீனம். பழைய வீட்டைப் பலப்படுத்த ஐ.எஸ். 13935 என்ற தரநிலை இருக்கிறது: சுவரைச் சுற்றிக் கம்பிவலைப் பட்டை, கூரையைச் சுவரோடு பிணைப்பது என்று அதை வைத்தே வழி சொன்னார். ஆசை காட்டாமல் உள்ளதைச் சொன்னதற்கே இவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஒரு குறை. அறிக்கை முழுக்க ஆங்கிலம், வரைபடமும் குறைவு. கொத்தனாருக்கு நான்தான் வரைந்து காட்டினேன். அப்புறம், வேலை நடக்கும்போது வந்து பார்ப்பதற்குத் தனிக் கட்டணம். முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.