மேலமாசி வீதியில் வாங்கிய மிதவைச் சோதனைப் பெட்டி

ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்காக, மதுரை மேலமாசி வீதியிலுள்ள ஒரு கடையில், எந்தப் பொருள் மிதக்கும், எது மூழ்கும் என்று வீட்டிலேயே செய்து பார்க்கும் அறிவியல் பெட்டி ஒன்றை 650 ரூபாய்க்கு வாங்கினேன். காலாண்டு விடுமுறையில் இருவரும் சேர்ந்து எல்லாச் சோதனைகளையும் செய்து முடித்தோம். பொருட்கள் தரமாகவே இருக்கின்றன. உடன் வந்த கையேட்டைத்தான் நம்பிக் கொடுக்க முடியவில்லை.

பெட்டியில் ஒளி ஊடுருவும் தொட்டி, அளவுக் குவளை, களிமண் கட்டி, சுருள்வில் தராசு ஆகியவற்றுடன் தேக்கு, அலுமினியம், இரும்பு ஆகியவற்றால் செய்த மூன்று கனசதுரங்கள் இருந்தன. மூன்றுக்கும் பக்கம் 2 செ.மீ. என்று ஒரே அளவாக வைத்தவர் விஷயம் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஒவ்வொன்றின் கன அளவும் 8 கன செ.மீ.; ஆகவே முழுதாக மூழ்கினால் ஒவ்வொன்றும் 8 கிராம் நீரைத்தான் விலக்கும். தேக்குத் துண்டு ஏறத்தாழ 5 கிராமே இருப்பதால், தன் எடைக்கு ஈடான நீரை விலக்கும் அளவுக்கு மட்டும் அமிழ்ந்து மிதக்கிறது. அலுமினியம் சுமார் 22 கிராம், இரும்பு சுமார் 62 கிராம். 8 கிராம் நீர் தரும் தாங்கல் இவற்றுக்குப் போதாது.

இவ்வளவு தெளிவாகப் பொருட்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, "கனமான பொருள் மூழ்கும், லேசான பொருள் மிதக்கும்" என்று கையேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. ஐந்து கிலோ பரங்கிக்காய் கிணற்றில் மிதக்கிறது. நான்கு கிராம்கூட இல்லாத ஒரு ரூபாய் நாணயம் அடியில் போய்க் கிடக்கிறது. பெட்டியில் உள்ள களிமண்ணே அந்த வாக்கியத்தைப் பொய்யாக்கிவிடுகிறது. உருண்டையாகப் போட்டால் மூழ்கும் அதே களிமண்ணை அகல் போலக் குழித்து வைத்தால் மிதக்கிறது. எடை மாறவில்லை, விலக்கும் நீரின் அளவுதான் கூடியிருக்கிறது. அகலில் ஒவ்வொரு புளியங்கொட்டையாக வைத்து, அது சிறிது சிறிதாக அமிழ்வதைப் பார்த்த என் மகள், "வண்டியூர் தெப்பக்குளத்துல தைப்பூசத்தன்னைக்கு ஆள் ஏற ஏற தெப்பமும் இப்படித்தான் இறங்குமாப்பா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு இடம் கொடுத்ததற்காகவே களிமண்ணுக்குத் தனியாக மதிப்பெண் தரலாம்.

தராசு ஏமாற்றமளிக்கிறது. அது 500 கிராம் வரை காட்டும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே 10 கிராம். இரும்புக் கனசதுரத்தைத் தொங்கவிட்டு நீரில் இறக்கினால் 8 கிராம் குறைய வேண்டும். அதை இந்தத் தராசில் படிக்க இயலாது. பிறகு மளிகைக் கடையிலிருந்து அரைக் கிலோ வார்ப்பிரும்பு எடைக்கல்லை இரவல் வாங்கித் தொங்கவிட்டோம். நீருக்குள் முள் 430-க்கு அருகில் நின்றது. விளிம்பு வரை நிரப்பிய பாத்திரத்திலிருந்து வழிந்த நீரும் குவளையில் ஏறக்குறைய 70 மி.லி. இருந்தது. நீரில் மூழ்கிய பொருள், தான் விலக்கிய நீரின் எடையளவுக்கு எடை குறைந்து காட்டும் என்கிற ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தை அவள் கண்ணால் கண்டது அப்போதுதான். இதற்குக் கடைக்காரரின் கல் தேவைப்பட்டிருக்கக் கூடாது.

உப்புநீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது மற்றொரு குறை. மேலூர்ப் பக்கம் நாற்றங்கால் போடுவதற்கு முன், என் தந்தையார் வாளி நீரில் புதிய முட்டையொன்றைப் போட்டு, அது மேலே வந்து பழைய நாலணா அளவுக்கு வெளியே தெரியும் வரை உப்பைக் கரைப்பார். பிறகு விதை நெல்லைக் கொட்டிக் கலக்குவார். பதரும் அரைகுறை மணியும் மிதக்கும். முற்றிய விதை அடியில் தங்கும். உப்புக் கரையக் கரைய நீரின் அடர்த்தி கூடுவதால், சாதாரண நீரில் மூழ்கிவிடும் அரைகுறை மணிகளும் அதில் மேலே வந்துவிடுகின்றன.

பெட்டியை வாங்கலாம், ஐந்தில் மூன்று தருகிறேன். கையேட்டின் முதல் பக்கத்தைப் பிள்ளையிடம் காட்டுவதற்கு முன் பெற்றோர் பேனாவால் திருத்திவிட வேண்டும். ஒரு முட்டையும் ஒரு படி கல்லுப்பும் ஒரு கைப்பிடி விதை நெல்லும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். சோதனை முடிந்ததும் விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட வேண்டும். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெட்டுவிடும்.