லெவல் 2 என்று சொல்லி ஸ்பாஞ்சை விற்கிறார்கள்: ரைடிங் ஜாக்கெட் வாங்குபவர்கள் கவனத்துக்கு

ஐந்தாயிரம், ஆறாயிரம் கொடுத்து ரைடிங் ஜாக்கெட் வாங்கி வைத்திருப்பவர்கள், முதலில் அந்த ஜாக்கெட்டின் கையை உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். முழங்கை இருக்கும் இடத்தில் ஒரு பாக்கெட் இருக்கும். அதற்குள் செருகியிருக்கும், அடியைத் தாங்குவதற்கான பேடை (இதைத்தான் ஆர்மர் என்பார்கள்) வெளியே எடுங்கள். அந்த பேடின் மேலேயே இ.என். 1621-1 என்ற ஐரோப்பியத் தர எண் அச்சாக வார்க்கப்பட்டிருக்க வேண்டும். ஸ்டிக்கரும் கூடாது, ஜாக்கெட்டில் தொங்கும் அட்டையும் போதாது, பேடிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் கையில் இருப்பது வெறும் ஸ்பாஞ்ச்தான். நான் வாங்கியதில் அப்படித்தான் இருந்தது. அது தெரிய வந்தபோது என் கையில் மாவுக்கட்டு போட்டிருந்தார்கள்.

திருச்சியில் பைக் ஆக்சஸரீஸ் விற்கும் ஒரு கடை. பெயர் போடவில்லை, புகார் இன்னும் முடியாததால். வாங்குவதற்கு முன்னாலேயே வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தேன்: "அண்ணே, இதுல முழங்கை, தோள், முதுகு மூணுலயும் லெவல் 2 ஆர்மர் இருக்கா?" ஜாக்கெட்டின் போட்டோவோடு பதில் வந்தது: "மூணும் லெவல் 2 தம்பி, எக்ஸ்போர்ட் பீஸ்." கடைக்குப் போனபோதும் அதையே சொன்னார். இதே ஜாக்கெட்டை வேறு பெயர் போட்டு பதினைந்தாயிரத்துக்கு விற்கிறார்கள் என்றார். 6,500 ரூபாய் ஜாக்கெட், 1,800 ரூபாய்க்கு லெதர் கிளவுஸ். இரண்டும் சேர்த்து வாங்கியதால் பின்னால் உட்காருபவருக்கு என்று ஒரு ஹெல்மெட் இலவசம். பில் கேட்டேன். எஸ்டிமேட் என்று தலைப்புப் போட்ட ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, சிஸ்டம் வேலை செய்யவில்லை, ஜி.எஸ்.டி. பில்லை அப்புறம் அனுப்புகிறேன் என்றார். அது கடைசி வரை வரவில்லை.

விழுந்தது மதுரை ரோட்டில், விராலிமலையைத் தாண்டி. டீ குடிக்கலாம் என்று சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கினேன். திருப்பத்தில் ஏதோ ஒரு லாரியில் இருந்து கொட்டிய எம்-சாண்ட் தார் ரோட்டின் நிறத்திலேயே பரவிக் கிடந்தது. முன் சக்கரம் வழுக்கி, வலது பக்கமாக விழுந்து சறுக்கிக்கொண்டே போனேன். வேகம் நாற்பதுக்குள்தான். பின்னால் வண்டி எதுவும் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து பார்த்தால், ஜாக்கெட்டின் வலது கை முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை தையலோடு பிரிந்து தொங்குகிறது. துணி கிழியக்கூட இல்லை, தையல் விட்டுவிட்டது. பேட் முழங்கையை விட்டு மேலே ஏறித் தோளுக்குப் பக்கத்தில் போய்ச் சுருண்டிருந்தது. உள்பக்கத்து பாலியஸ்டர் லைனிங் ரோட்டில் உரசிய சூட்டில் இளகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. கிளவுஸின் உள்ளங்கையில் லெதர் என்று சொன்னது மெல்லிய ரெக்சின். அது ஒரு ஓரத்தில் உரிந்து, அடியில் இருந்த வெள்ளைத் துணி தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் பட்ட வலி விழுந்தபோது பட்டதைவிட மோசம். சதைக்குள் ஏறிய மணலை ஊசி போட்டு மரத்துப்போக வைத்து பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தார்கள். ஒட்டியிருந்த லைனிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்தார்கள். முழங்கை எலும்பில் விரிசல். தலைக்கும் முகத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் போட்டிருந்தது வேறு இடத்தில் வாங்கிய ஐ.எஸ்.ஐ. ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட். அதன் தாடைப் பகுதியில் பெயின்ட் போய் உள் ஓடு வரை தேய்ந்திருந்தது. அந்தத் தேய்மானம் என் தாடைக்கு நேராக இருந்தது. அரை ஹெல்மெட் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அதைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

வீட்டுக்கு வந்தபிறகு மச்சான் அந்த முழங்கை பேடை பிளேடால் அறுத்தார். மேலே கறுப்பு ரப்பர் ஷீட், காகிதம் அளவுக்கு மெல்லியது. உள்ளே டி.வி. பெட்டியில் அடைத்து வரும் வெள்ளை ஃபோம். முதுகுப் பகுதியில் அதே ஃபோமை ஒரு அடி நீளத்துக்கு வெட்டிச் செருகியிருக்கிறார்கள். எண் இல்லை, அச்சு இல்லை, தயாரித்தவர் பெயர்கூட இல்லை. லெவல் 2 என்பது ஜாக்கெட்டில் தொங்கிய அட்டையில் மட்டும்தான்.

அந்த லெவல் என்ன என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் கடைக்காரர்கள் விளையாடுவதே இங்கேதான். ஆர்மரை ஒரு அடிமேடையில் வைத்து மேலிருந்து எடையைப் போடுவார்கள். ஆர்மரைத் தாண்டி அடியில் எவ்வளவு விசை இறங்குகிறது என்று அளப்பார்கள். முழங்கை, தோள், முழங்காலுக்கான இ.என். 1621-1 தரத்தில், சராசரி விசை 35 கிலோ நியூட்டனுக்கு மேல் போகாவிட்டால் லெவல் 1. 20-க்கு மேல் போகாவிட்டால் லெவல் 2, அதாவது இன்னும் நன்றாகக் காப்பது. முதுகுக்கு இ.என். 1621-2 என்று தனித் தரம். அதில் லெவல் 1-க்கு 18, லெவல் 2-க்கு 9 என்று இன்னும் கடுமையான அளவு. இந்தச் சோதனையில் தேறிய பேடில் தர எண், லெவல், அது எந்த உறுப்புக்கு என்ற ஆங்கில எழுத்து எல்லாம் சேர்ந்தே இருக்கும். முழங்கைக்கு இ, தோளுக்கு எஸ், முழங்காலுக்கு கே.

இன்னொன்று, பேட் தேறினால் ஜாக்கெட்டும் தேறியதாக அர்த்தமில்லை. துணி எவ்வளவு உரசலைத் தாங்கும், தையல் எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்பதற்கு இ.என். 17092 என்று வேறு தரம் இருக்கிறது. அதில் ஏஏஏ உயர்ந்தது, அப்புறம் ஏஏ, அப்புறம் ஏ. "லெவல் 2 ஜாக்கெட்" என்று யாராவது சொன்னால், பேடைச் சொல்கிறாரா ஜாக்கெட்டைச் சொல்கிறாரா என்று அங்கேயே கேளுங்கள். 600 டெனியர் என்றும் பெருமையாகச் சொல்வார்கள். டெனியர் என்பது நூலின் பருமன், அவ்வளவுதான். என்னுடையதும் 600 டெனியர்தான், துணி நின்றது, தையல் நிற்கவில்லை.

கை ஓரளவு தேறியதும் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அறுத்த பேடை மேஜையில் வைத்தேன். அவர் அதைக் கையில்கூட எடுக்கவில்லை. "கீழ விழுந்தா கிழியத்தான் செய்யும் தம்பி. துணிதானே? ஜிப்புக்கு மட்டும்தான் வாரண்டி" என்றார். விழுந்தால் காப்பாற்றும் என்று சொல்லித்தானே அண்ணே விற்றீர்கள் என்றேன். கம்பெனி அப்படித்தான் அனுப்புகிறது, நான் உள்ளே பிரித்தா பார்க்கிறேன் என்றார். கடைசியில், புது ஜாக்கெட் எடுத்தால் ஆயிரம் ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்றார். அதே வரிசையில், அதே அட்டையோடு, நான்கைந்து ஜாக்கெட்கள் அப்போதும் தொங்கிக்கொண்டிருந்தன. கல்லூரிப் பையன் ஒருவன் ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

இவ்வளவு ஆன பிறகுதான் அந்த இலவச ஹெல்மெட் ஞாபகம் வந்தது. நல்லவேளையாக என் மனைவி அதை ஒருமுறைகூட போட்டதில்லை, அலமாரியில்தான் இருந்தது. பின்பக்கம் ஐ.எஸ்.ஐ. ஸ்டிக்கர் இருக்கிறது, மேலே ஐ.எஸ். 4151 என்ற ஹெல்மெட் தர எண்ணும் இருக்கிறது, கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் லைசென்ஸ் எண்ணும் இருக்கிறது. பார்வைக்கு எல்லாம் சரி. ஐ.எஸ்.ஐ. முத்திரை தரும் இந்தியத் தர அமைப்பான பி.ஐ.எஸ்.-இன் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் லைசென்ஸ் விவரத்தைச் சரிபார்க்கும் இடத்தில் அந்த எண்ணைப் போட்டேன். வந்தது ஏதோ ஒரு ஊரில் குடிதண்ணீர் பாட்டில் அடைக்கும் நிறுவனத்தின் பெயர். உள்துணியைப் பிரித்தால் உச்சியில் மட்டும் தெர்மோகோல். காதுப் பக்கம் ஸ்பாஞ்ச், தாடையில் வெறும் பிளாஸ்டிக், உள்ளே ஒன்றும் இல்லை. நாடாவைப் பிடித்து இழுத்தால் அதைப் பொருத்தியிருக்கும் ரிவிட் சுற்றுகிறது.

ஜாக்கெட்டில் ஏமாற்றுவதற்கும் ஹெல்மெட்டில் ஏமாற்றுவதற்கும் சட்டத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ்.ஐ. கட்டாயம். 2020-ல் வந்த தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. அந்த முத்திரை இல்லாத டூவீலர் ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். முத்திரையைப் பொய்யாகப் போட்டால், 2016-ன் பி.ஐ.எஸ். சட்டப்படி முதல் தடவைக்கே இரண்டு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ வரலாம். ஆனால் ரைடிங் ஜாக்கெட்டுக்கு அப்படி ஒரு கட்டாய முத்திரை நம் நாட்டில் கிடையாது. நான் மேலே சொன்னதெல்லாம் ஐரோப்பியத் தரங்கள். அதனால் அட்டையில் எதை வேண்டுமானாலும் அச்சடித்துத் தொங்கவிடுகிறார்கள், வந்து பார்ப்பவர் யாரும் இல்லை. இது எனக்கு உண்மையிலேயே கோபத்தைத் தருகிறது. நல்ல பொருளுக்கு ஆசைப்பட்டு, மாதச் சம்பளத்தில் ஒதுக்கி வாங்குகிற பையன்களைத்தான் இந்த அட்டை ஏமாற்றுகிறது.

அதற்காக ஹெல்மெட் பக்கம் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டபோது, ரோட்டோரத்தில் குடை விற்றவர்கள்கூட ஹெல்மெட்டைக் குவித்து விற்றது பலருக்கும் ஞாபகம் இருக்கும். இன்றைக்கும் பைபாஸ் ஓரத்தில் அவற்றைப் பார்க்கலாம். 2025 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட செய்தியின்படி, டெல்லியில் லைசென்ஸ் காலாவதியான அல்லது ரத்தான ஒன்பது தயாரிப்பாளர்களிடம் மட்டும் 2,500-க்கும் மேற்பட்ட ஹெல்மெட்கள் பிடிபட்டன. காலாவதியான லைசென்ஸ் என்பதைக் கவனியுங்கள். எண் உண்மையானதாகவே இருக்கும், ஆனால் உயிரோடு இருக்காது. அதனால் செயலியில் பெயர் பொருந்துகிறதா என்பதோடு நிறுத்தாமல், லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கடையிலேயே நின்று பார்க்கலாம், ஒரு நிமிஷ வேலை. 2022-ல் மட்டும் ஹெல்மெட் அணியாமல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 50,029 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். பின்னால் உட்காருபவருக்குத்தானே என்று இலவச ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்ப்பது எவ்வளவு ஆபத்து என்று இதிலேயே தெரியும்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்று. புது வண்டி வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் கொடுக்க வேண்டியது தயாரிப்பாளரின் கடமை, மத்திய மோட்டார் வாகன விதி 138(4)(எஃப்) அதைச் சொல்கிறது. ஷோரூமில் அதைச் சலுகை மாதிரிப் பேசினால் விதியைக் காட்டிக் கேளுங்கள்.

நான் 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் பதிந்தேன். ஜி.எஸ்.டி. பில் இல்லாததால் நிற்காதோ என்று பயந்தேன். கைகொடுத்தவை அந்த வாட்ஸ்அப் பதிலும், ஜிபே-யில் பணம் போன பதிவும், எஸ்டிமேட் சீட்டும்தான். "மூணும் லெவல் 2" என்று அவரே எழுதியது இருந்ததால், நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவரால் சொல்ல முடியவில்லை. சில வாரம் இழுத்தடித்து, ஜாக்கெட், கிளவுஸ் இரண்டுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றிப் பேசவே மறுத்துவிட்டார். அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம் என்று வக்கீல் ஒருவர் சொல்லியிருக்கிறார். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் ஆணையத்தில் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமலும் போகலாம். அறுத்த பேடைத் தூக்கிப் போடாமல் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். நீங்களும் விழுந்த ஜாக்கெட்டையோ ஹெல்மெட்டையோ கோபத்தில் எறிந்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. ஆனால் அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி தலையில் போடவும் வேண்டாம். உள்ளே இருக்கும் தெர்மோகோல் ஒருமுறை நசுங்கிதான் அடியை வாங்குகிறது, மறுபடி பழைய நிலைக்கு வராது. வெளியே கீறல் மட்டும்தான் தெரியும். நான் வேறு வாங்கிவிட்டேன். இதே காரணத்தால் செகண்ட் ஹேண்ட் ஹெல்மெட்டும் வேண்டாம்.

கடைசியாக ஜாக்கெட் வாங்கப் போகிறவர்களுக்கு. மெத்தென்று இருக்கும் எல்லா பேடும் போலி இல்லை. நல்ல ஆர்மரிலும் மிருதுவான வகை உண்டு. மெதுவாக அழுத்தினால் வளைந்து கொடுக்கும், சட்டென்று குத்தினால் இறுகும், கையில் எடுத்தால் கனம் தெரியும். அதனால் அமுக்கிப் பார்த்து முடிவு செய்யாமல் அச்சைத் தேடுங்கள். ஜாக்கெட்டைப் போட்டு, கையை மடக்கி ஹேண்டில்பார் பிடிப்பது போல் வைத்து, வேறு ஒருவரை முழங்கை பேடைப் பிடித்துச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றினால் விழும்போதும் நகர்ந்துவிடும், என்னுடையது நகர்ந்தது போல. சைஸ் ஒன்று குறைத்துக் கேளுங்கள், அல்லது கையில் இறுக்கும் ஸ்ட்ராப் உள்ளதாகப் பாருங்கள். பேடைக் கழற்றிக் காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு மெஷ் (காற்று புகும் வலைத்துணி) ஜாக்கெட் போதும், ஆனால் தோளிலும் முழங்கையிலும் மெஷ் இல்லாமல் கெட்டித் துணி இருக்க வேண்டும், தையல் இரட்டையாவது இருக்க வேண்டும். பட்ஜெட் இடிக்கிறது என்றால் பகட்டான ஜாக்கெட்டை விட்டுவிட்டு முதலில் நல்ல ஹெல்மெட், அடுத்து நல்ல கிளவுஸ் என்று வாங்குவேன். விழும்போது கை தானாகவே தரையை நோக்கித்தான் போகிறது.

போலி ஹெல்மெட் பற்றி பி.ஐ.எஸ். கேர் செயலியிலேயே போட்டோவோடு தனியாகப் புகார் கொடுத்திருக்கிறேன். விசாரணையில் இருக்கிறது. பதில் வந்ததும் இதே பதிவில் சேர்க்கிறேன். இதே போல் லெவல் 2 அட்டை தொங்கும் ஜாக்கெட்டைத் திருச்சியில் யாராவது வாங்கியிருந்தால், பேடின் போட்டோவையும் பணம் கட்டிய பதிவையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தெரியப்படுத்துங்கள். ஒரே விஷயத்துக்காகப் பலர் சேர்ந்து ஆணையத்துக்குப் போகச் சட்டத்தில் வழி இருக்கிறது.